பத்து நிமிடமும் பன்னிரண்டு மணி நேரமும்

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் 18ஆம் தேதி பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தவர்களுக்கு, அவர்கள் கேட்டது பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. உடம்பு தளர்ந்தது, மூட்டை தூக்கிய தோளின் வலி விலகியது. கேட்காதது பின்னால் வந்தது. வயிற்றைப் புரட்டியது, மூச்சு வாங்கியது, கண் மங்கியது. அந்தச் சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் இந்த ரசாயனம் குடித்த உடனே கொல்வதில்லை. ஈரலில் உள்ள நொதிகள் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும், பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்ற வேண்டும். கட்டெறும்பு கடித்த இடத்தில் எரிகிறதே, அதே அமிலம்தான் பார்வை நரம்பைத் தின்கிறது. பொதுவாக இதற்கு 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும்.

அந்த இடைவெளியில் மறுபடியும் குடித்தவர்கள் உண்டு. முதல் சாவுகளுக்கு வேறு நோய்க் காரணங்கள் சொல்லப்பட்ட நேரம் அது. துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சரக்கைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் பிரிந்து ஓடின. 60க்கும் மேற்பட்டோர் உயிரோடு திரும்பவில்லை.

இது முதல் முறையும் இல்லை. 2023 மே மாதம்தான் மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்தில் இதே மெத்தனால் வரிசையாக ஆட்களைச் சாய்த்திருந்தது. கள்ளக்குறிச்சி 2019 வரை அதே விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர். செய்தி எட்டாத தூரம் இல்லை. அதனால்தான் ஜூன் மாதம் முழுக்க டீக்கடைகளில் ஒரே கேள்வி கேட்டது: “இத்தனை பேர் செத்ததைப் பார்த்தும் புத்தி வரலையா?”

கேள்வியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. விளைவு மோசமாக இருந்தால் மனிதன் கற்றுக்கொள்வான் என்ற நம்பிக்கை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதையே சோதித்துப் பார்க்கும் ஒரு துறை உளவியலில் இருக்கிறது. அது சொல்வது: விளைவு கற்றுக்கொடுக்கும், உண்மைதான். ஆனால் எந்த விளைவு பெரியது என்பதைவிட எது முதலில் வருகிறது, எது தவறாமல் வருகிறது என்பதையே உடம்பு கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

பி.எட். படித்தவர்களுக்கு இதன் பாடநூல் பெயர் நினைவிருக்கும்: செயல்படு ஆக்கநிலையிறுத்தம். உச்சரிப்பதே ஒரு தண்டனை. விஷயம் எளிது. 1898இல் எட்வர்ட் தார்ண்டைக் பூனைகளைக் கூண்டில் அடைத்தார். தற்செயலாகத் தாழ்ப்பாளைத் தட்டிய பூனை வெளியே வந்து மீனைத் தின்றது. அடுத்தடுத்த முறை அது தாழ்ப்பாளைத் தேடிக்கொண்ட நேரம் குறைந்துகொண்டே போனது. பி.எஃப். ஸ்கின்னர் 1930களில் எலி நெம்புகோலை அழுத்தினால் இரை விழும் பெட்டியைச் செய்து, இதை அளக்கக்கூடிய அறிவியலாக்கினார். ஒரு செயலுக்குப் பின் நல்லது கிடைத்தால் அச்செயல் வலுப்பெறும். இதற்கு வலுவூட்டல் என்று பெயர்.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்றதும் தண்டனை என்று நினைத்துக்கொள்கிறோம். அது நேர் எதிரானது. இருந்த தொல்லை ஒன்று, அந்தச் செயலால் விலகிப்போவது. தலைவலிக்கு மாத்திரை போடுகிறோமே, அதுபோல. கரும்பு வெட்டுகிறவரையோ லோடு ஏற்றுகிறவரையோ ஏன் குடிக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சந்தோஷத்துக்கு என்று சொல்பவர் குறைவு. “உடம்பு வலி தெரியாம இருக்கத்தான்” என்பார். நாள்பட்ட பிறகு காலையில் கை நடுங்கும். ஒரு மடக்கு உள்ளே போனால் நடுக்கம் நிற்கும். அந்த மனிதரைப் பொறுத்தவரை குடி ஒவ்வொரு முறையும், சொன்ன நேரத்தில், சொன்ன வேலையைச் செய்கிறது. இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யும் வேறொன்று அவர் வாழ்க்கையில் இருக்கிறதா என்பதை நாம் கேட்பதில்லை.

பத்து நிமிடத்தில் வரும் உறுதியான நிவாரணம் ஒரு தட்டில். எப்போதோ வரக்கூடிய ஈரல் வீக்கம், வராமலும் போகக்கூடிய மெத்தனால், மாதக் கடைசியில் வரும் வட்டிக்காரர் எல்லாம் இன்னொரு தட்டில். தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதற்குப் புத்தியைக் குறை சொல்லிப் பயனில்லை.

கருணாபுரச் சாவுகளின் பழி வழக்கம்போலக் கல்வராயன் மலைமேல் ஏறியது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலையின் இந்தப் பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டம். கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டம். இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்பதுதான் பெயரின் பொருள். 1976 வரை ஜாகிர்தாரர்களின் கையில் இருந்த மலை இது. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்கு அந்த ஆண்டே பாதி விடை.

வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஓடையோரம் ஊறல் போடும் தொழில் இம்மலையில் இருந்தது, இருக்கிறது. ஆனால் கருணாபுரத்தில் ஆட்களைக் கொன்றது இந்த ஊறலில் காய்ச்சியது அல்ல. ஆலைக்குப் போக வேண்டிய மெத்தனால். இந்த வித்தியாசத்தைப் பேசியவர்கள் குறைவு. ஜூனுக்குப் பிறகு மலையில் சோதனைக்கு மேல் சோதனை. பேரல் பேரலாக ஊறல் கொட்டப்பட்டது.

அந்தச் சோதனைகளைக் கற்றலின் கணக்கில் பார்க்கலாம். ஊறல் பக்குவமாக ஒரு வாரம் ஆகும். காய்ச்சி இறக்கினால் கையில் காசு. பத்துப் பதினைந்து முறை காய்ச்சினால் ஒரு முறை போலீஸ் வரும், வராமலும் போகும். இப்படி விட்டுவிட்டு வரும் தண்டனை, காய்ச்சாதே என்று கற்றுத்தருவதில்லை. எந்த ஓடைக்கு ஜீப் வராது என்று கற்றுத்தருகிறது. தண்டனை தப்பிக்கும் வித்தையைத்தான் வளர்க்கிறது என்று ஸ்கின்னர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். 1937 அக்டோபரில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதல் மதுவிலக்கைக் கொண்டுவந்தது இதே மலையின் மேற்குச் சரிவைக் கொண்ட சேலம் மாவட்டத்தில்தான். ஏறக்குறைய 90 ஆண்டு அனுபவம் நமக்கு இருக்கிறது.

தண்டனைக்கு மாற்றாகக் குடிக்காமல் இருப்பதற்கு உடனடியாக ஏதாவது கிடைத்தால்? இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டிலேயே ஒருவர் சோதித்திருக்கிறார். சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் 229 பேரை வைத்து பொருளாதார ஆய்வாளர் ஃப்ராங்க் ஷில்பாக் நடத்திய ஆய்வு 2019இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ இதழில் வெளிவந்தது. ஏறத்தாழ மூன்று வாரம், தினமும் மாலையில் ரிக்‌ஷாக்காரர் ஆய்வு அலுவலகத்துக்கு வந்து கருவியில் ஊத வேண்டும். ஒரு குழுவுக்கு, குடித்திருந்தால் 60 ரூபாய், குடிக்காமல் வந்தால் 120 ரூபாய். இன்னொரு குழுவுக்கு எப்படி வந்தாலும் 90 ரூபாய். கூடவே, சேமிக்க விரும்புகிறவர்களுக்கு நல்ல வட்டியோடு ஒரு கணக்கு.

முடிவுகள் நேர்க்கோட்டில் இல்லை. அதனாலேயே எனக்கு இந்த ஆய்வு பிடிக்கும். நிபந்தனைப் பணம் பெற்றவர்கள் பகலில் குடிப்பதைக் கணிசமாகக் குறைத்தார்கள். ஆனால் மொத்தக் குடி அநேகமாக அப்படியே இருந்தது. ஊதிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு, இரவில் குடித்தார்கள். சிரிப்பு வருகிறது அல்லவா? ஏமாற்றுவேலை என்றுகூடத் தோன்றும். யோசித்தால் அவர்கள் ஒப்பந்தத்தை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறார்கள். பணம் வைக்கப்பட்டது ‘மாலையில் ஊதும்போது மூச்சில் சாராயம் இல்லாமல் இருப்பது’ என்ற செயலுக்கு. அந்தச் செயல்தான் மாறியது. இன்னொன்றும் நடந்தது: பகலில் தெளிவாக இருந்தவர்களின் சேமிப்பு ஏறக்குறைய 50 விழுக்காடு கூடியது. வருமானம் கூடாமலேயே இது நடந்தது.

அதைவிட என்னை நிறுத்திய விவரம் வேறு. எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு தரப்பட்டபோது, எந்த நிபந்தனையும் இல்லாமல் கிடைக்கும் கூடுதல் பணத்தை வேண்டாம் என்று சொல்லி, குடிக்காவிட்டால் மட்டும் கிடைக்கும் பணத்தை மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் கேட்டார்கள். தன் கையைக் கட்டிப்போடச் சொல்லி, அதற்குத் தானே விலையும் கொடுக்கிறார் ஒரு ரிக்‌ஷாக்காரர். புத்தி வரலையா என்று கேட்கிறோமே, அந்தப் புத்தி அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அதைப் பிடித்துவைக்க ஒரு கொக்கி இல்லை.

சென்னையிலேயே ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தில் ஊசிவழிப் போதைப் பழக்கமுள்ள எச்.ஐ.வி. நோயாளிகள் 120 பேரிடம் நடந்து, 2014இல் வெளியான ஆய்வும் இதையே காட்டுகிறது. சிகிச்சைக்கு வந்தால் பொருள் வாங்கக் கூப்பன். கூப்பன் பெற்றவர்கள் கூடுதலாக வந்தார்கள், கூடுதலானோர் மருந்தையும் தொடங்கினார்கள். ஆனால் ரத்தத்தில் வைரஸ் அளவு அடங்குவதில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பரிசு எந்தச் செயலைத் தொட்டதோ அதோடு நின்றுவிட்டது.

அமெரிக்காவில் இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் கோகைன் பழக்கமுள்ளவர்களுக்கு ஒவ்வொரு சுத்தமான சிறுநீர்ப் பரிசோதனைக்கும் கூப்பன் தந்தார். முதல் கூப்பன் இரண்டரை டாலர்தான். தொடர்ந்தால் மதிப்பு ஏறிக்கொண்டே போகும்; ஒரு முறை தவறினால் மறுபடி இரண்டரையிலிருந்து தொடங்க வேண்டும். பரமபதம் ஆடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1994இல் வெளியான ஆய்வில் கூப்பன் குழுவில் 75 விழுக்காட்டினர் 24 வாரச் சிகிச்சையை முடித்தார்கள். கூப்பன் இல்லாத குழுவில் 40 விழுக்காடு. கூப்பனுக்குச் செலவாகிறது என்ற குறை வந்தபோது நான்சி பெட்ரி குலுக்கல் முறையைக் கொண்டுவந்தார். குடிக்காமல் வந்தால் சட்டியில் கைவிட்டுச் சீட்டு எடுக்கலாம். பெரும்பாலும் சின்னப் பரிசு, அரிதாக ஒரு பெரிய பரிசு. 2000இல் குடிநோயாளிகள் 42 பேரிடம் அவர் இதைச் சோதித்தார். எட்டு வாரச் சிகிச்சையில் நிலைத்தவர்கள் 84 விழுக்காடு. வழக்கமான சிகிச்சையில் 22. லாட்டரியும் சீட்டாட்டமும் மனிதரைப் பிடிக்கும் அதே கண்ணி இது. இங்கே அது வேறு பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது.

“குடிக்காதவனுக்கு எதுக்குக் காசு? குடிக்காம இருக்கறது அவன் கடமைதானே?” இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. கருணாபுரத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தபோதும் இதே கோபம் எழுந்தது. குடிப்பதை ஊக்குவிக்கிறது என்று உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போடப்பட்டது. நிவாரணத் தொகை நியாயமா என்பது தனி விவாதம். ஆனால் அது குடியை வளர்க்கும் என்ற வாதம் இந்த அறிவியலின்படி நிற்காது. ஒரு செயலை வலுவூட்ட வேண்டுமானால் அதைச் செய்தவர் கையில், செய்த உடனே, பலன் விழ வேண்டும். இங்கே செய்தவர் இல்லை. பணம் பெற்ற மனைவிக்கோ அவர் குடித்ததில் எந்தப் பங்கும் இல்லை.

வெளிநாட்டு ஆய்வகங்களையெல்லாம் விடுங்கள். கார்த்திகை பிறந்ததும் நம் தெருவில் நடப்பதைப் பாருங்கள். வருடம் முழுக்கக் குடித்தவர் கழுத்தில் துளசி மாலை ஏறுகிறது. ஒரு மண்டலம் ஒரு சொட்டு உள்ளே போவதில்லை. பக்தி என்பது சரியான விடைதான். பக்தியைச் சுற்றி ஊர் என்ன செய்கிறது என்பதையும் கொஞ்சம் கவனிக்கலாம். நேற்றுவரை “டேய்” என்று கூப்பிட்ட டீக்கடைக்காரர் “சாமி, டீயா காபியா?” என்று எழுந்து கேட்கிறார். வீட்டில் குளித்துவிட்டுத் தனியாகச் சமைக்கிறார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளறைக்கு ஓடும் பிள்ளை மடியில் வந்து உட்காருகிறது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணியும், மரியாதை உடனே கைமேல் கிடைக்கிறது. கருப்பு வேட்டியும் மாலையும் இவர் சொல்லாமலேயே ஊரார் அனைவருக்கும் தகவல் சொல்லிவிடுகின்றன. கூப்பிட வரும் கூட்டாளிகூட ஒதுங்கிப்போகிறார்.

சபரிமலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுகிறார். மறுநாள் டீக்கடையில் மறுபடி “டேய்”. அந்த வாரமே பலர் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். வேஷம் என்று ஊர் ஏளனம் செய்கிறது. நான் அப்படிப் பார்க்கவில்லை. 48 நாள் அவருக்குக் கிடைத்த அத்தனையையும் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டது நாம். இரை விழாத நெம்புகோலை எலி எத்தனை நாள் அழுத்தும்?

1961இல் ரிச்சர்ட் ஹெர்ன்ஸ்டைன் புறாக்களை வைத்துக் காட்டியது இங்கே பொருந்தும். இரண்டு பொத்தான்கள் இருந்தால், எதில் எவ்வளவு இரை கிடைக்கிறதோ அதே விகிதத்தில் புறா கொத்துகிறது. ஆகவே ஒரு பொத்தானைக் கொத்துவதைக் குறைக்க அதில் முள் வைப்பது ஒன்றே வழியில்லை. இன்னொரு பொத்தானில் இரையைக் கூட்டலாம். 1973இல் ஹண்ட், அஸ்ரின் என்ற இருவர் அமெரிக்காவில் இல்லினாய் மாநில மருத்துவமனை ஒன்றில் குடிநோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். வேலை தேடிக் கொடுத்தார்கள், குடும்பத்தோடு சேர்த்து வைத்தார்கள். பழைய சாராயக்கடை ஒன்றையே சாராயமில்லாத மன்றமாக மாற்றி, மாலையில் உட்காரவும் சீட்டாடவும் பேசவும் இடம் கொடுத்தார்கள். கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் அறுத்த பிறகு, கடுக்காய் பொறுக்கும் பருவம் முடிந்த பிறகு, மாலை ஆறு மணிக்கு ஓர் ஆண் எங்கே போவார்? சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தானாக முன்வந்து மலைவாழ் மக்களின் சாலை, மருத்துவம், வாழ்வாதாரம் பற்றி வழக்கு எடுத்துக்கொண்டதைச் சாராயத் தடுப்பு நடவடிக்கையாகவும் நான் வாசிக்கிறேன்.

சொந்தப் பழக்கத்துக்கு வருகிறேன். என்னுடையது குடியில்லை, கைப்பேசி. இரவு பதினொன்றுக்குப் படுத்து, ஒரு மணிவரை விரலால் தள்ளிக்கொண்டே இருப்பேன். ஸ்கின்னரைப் படித்த உற்சாகத்தில் சார்ஜரைச் சமையலறைக்கு மாற்றினேன். பதினொன்றரைக்குள் தூங்கினால் மட்டுமே காலையில் பில்டர் காபி என்று விதி வைத்தேன். மூன்றாம் நாள் தவறினேன், காபியையும் குடித்தேன். யார் கேட்கப் போகிறார்கள்? தனக்குத் தானே பரிசு கொடுப்பதில் உள்ள இந்த ஓட்டையை ஸ்கின்னரே 1953இல் எழுதிய நூலில் ஒப்புக்கொண்டிருக்கிறார்: பரிசை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் அதிகாரமும் நம்மிடமே இருக்கிறது. பிறகு டிகாக்‌ஷன் என் மனைவியின் பொறுப்புக்குப் போனது. “நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க?” என்ற கேள்விக்குப் பதில் சொன்னால்தான் டம்ளர் நகரும். முதல் வாரம் நான்கு நாள், இரண்டாம் வாரம் ஆறு நாள். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களைக் குத்தி வைத்திருக்கிறேன். வெளியூர் போனால் இன்றும் பழைய குப்பன்தான்.

ஸ்கின்னர் தன் எழுத்துக்கு வைத்திருந்த கருவியும் இப்படி எளிமையானது. மேசை விளக்கைப் போட்டால் கடிகாரம் ஓடும், அணைத்தால் நிற்கும். எழுதிய நேரம் பன்னிரண்டு மணி சேர்ந்ததும் தாளில் ஒரு புள்ளி. ஏறிக்கொண்டே போகும் அந்தக் கோடுதான் பரிசு.

நாள்பட்ட குடிக்கு மட்டும் இப்படி வீட்டு வைத்தியம் கூடாது. பல ஆண்டு தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றலும் குழப்பமும் உயிரையே எடுக்கலாம். முதல் வாரம் மருத்துவர் பார்வையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் ஐம்பத்தோரு வாரங்கள்தான் நம்மிடம் யாரும் பொறுப்பேற்காத பகுதி. கணவரைக் குடிக்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989இல் மஞ்சக்குடியில் தொடங்கி கிராமத்துக்கே போய் முகாம் நடத்தியது. குடும்பமும் ஊரும் உடனிருக்கும் இடத்திலேயே சிகிச்சை என்ற அந்த வழி, வலுவூட்டிகள் இருக்கும் இடத்துக்கே மருத்துவரைக் கொண்டுபோனது.

கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊருக்கு ஊர் மகளிர் சுயஉதவிக் குழு இருக்கிறது. வாரம் தவறாமல் கூடி, கணக்கு எழுதி, கையெழுத்து வாங்கும் பழக்கம் உள்ள அமைப்பு. ஊதும் கருவி போக்குவரத்துப் போலீஸிடம் இருக்கிறது. சாராயம் மூச்சிலிருந்து சில மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் சென்னை ரிக்‌ஷாக்காரர்களிடம் கற்றபடி நாளுக்கு ஒரு முறை போதாது. காலையும் இரவும் வேண்டும். நூறு பேர், ஆறு மாதம், தவறாமல் ஊதியவர் பெயரில் குழுவின் கணக்கில் ஏறிக்கொண்டே போகும் ஒரு தொகை. தவறினால் முதல் படிக்கு. மாவட்ட நிர்வாகம் ஒரு வட்டத்தில் இதைச் செய்து பார்த்துவிட்டு, பலிக்கவில்லை என்றால் பலிக்கவில்லை என்று சொல்லட்டும்.

அரசுக்கு இந்த வித்தை தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2022இல் நீதிமன்ற உத்தரவின்பேரில் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் அங்கேயே, அப்போதே கையில். காட்டில் யானைகளின் காலைக் கிழித்துக்கொண்டிருந்த பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்குத் திரும்பியது. திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பவருக்கு இன்று 10 ரூபாய் கிடைக்கிறது. பாட்டிலை வாங்காமல் வீட்டுக்குப் போகிறவருக்கு எந்தக் கவுன்டரும் இல்லை.